பிக்சியா, இம்சியா, சிப்பா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோலாலம்பூரில் ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை லேபில் தினமும் விந்தணுக்களைப் பார்ப்பதுதான் என் வேலை. இக்சி என்றால் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்துவது. பிக்சி, இம்சி, சிப் எல்லாம் அதற்கு நல்ல விந்தணுவைத் தேர்ந்தெடுக்கும் வழிகள். இந்த மாதம் வந்த கேள்விகளில் நான்கு இங்கே.

கேள்வி: எங்களுக்கு இது முதல் இக்சி. கூடுதலாகப் பணம் கட்டினால் பிக்சி, இம்சி செய்யலாம் என்கிறார்கள். எது நல்லது? (செந்தூல் வாசகி)

பதில்: அம்மா, இக்சியில் சுமார் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, நன்றாக நீந்தும் ஒரு விந்தணுவைப் பிடித்து, வாலை ஊசியால் அழுத்தி ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கருமுட்டைக்குள் செலுத்துகிறோம். இம்சியில் 6,000 மடங்குக்கு மேல் பெரிதாக்கி, தலையில் குழிகள் உண்டா என்று பார்ப்போம். பிக்சி தட்டில் ஹயலுரோனான் புள்ளிகள் இருக்கும். கருமுட்டையைச் சுற்றி இருப்பதும் அந்தப் பொருள்தான். முதிர்ந்த விந்தணுவின் தலை அதில் ஒட்டிக்கொள்ளும், வால் மட்டும் கட்டிப்போட்ட படகு மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும்.

பார்க்க அழகுதான். ஆனால் பிரிட்டனில் 2,700க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் நடந்து, 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் நிறைமாதத்தில் குழந்தை பிறந்தது பிக்சியில் 27.4%, இக்சியில் 25.2%. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. கருச்சிதைவு மட்டும் 7 சதவீதத்திலிருந்து 4.3 ஆகக் குறைந்தது. எனவே கரு கலைந்த அனுபவம் உள்ளவர்கள் பிக்சி கேட்டால் நான் தடுக்க மாட்டேன். முதல் முறை வரும் உங்களுக்குச் சாதாரண இக்சியே போதும். இம்சிக்கு உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை.

கேள்வி: விந்தணு டிஎன்ஏ சேதம் அதிகம் என்று ரிப்போர்ட். சிப் முறை உதவுமா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: வழக்கமான முறையில் விந்தை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி அலசுவோம். சிப்பில் சுழற்றல் கிடையாது. அந்தச் சிறு தட்டில் உள்ள நுண்ணிய வழிகளில் தானே நீந்தி வெளியே வரும் விந்தணுக்களை எடுக்கிறோம். அவற்றில் டிஎன்ஏ சேதம் குறைவு. அதனால் குழந்தை பிறப்பும் கூடும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. சரி, சேதம் ஏன் வந்தது என்று யாராவது உங்களைப் பரிசோதித்தார்களா? விதைப்பையில் ரத்தநாளம் வீங்கிச் சுருண்டிருப்பது, சிகரெட், காய்ச்சல், சர்க்கரை எதுவும் காரணமாகலாம். புது விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மனைவியின் வயது இடம் கொடுத்தால், அந்த மூன்று மாதத்தை முதலில் சிகிச்சைக்குக் கொடுங்கள்.

கேள்வி: விந்தில் அணுவே இல்லை. எந்த முறை நல்லது? (பினாங்கு)

பதில்: இப்போதைக்கு எதுவும் இல்லை. தேர்ந்தெடுக்க அணு வேண்டுமே. முதலில் யூராலஜிஸ்ட், ஹார்மோன், குரோமோசோம் பரிசோதனைகள். அடைப்பு என்றாலும், உற்பத்திக் குறைவு என்றாலும், விதையிலிருந்தே எடுத்துப் பார்க்க வழி இருக்கிறது.

கேள்வி: மாதிரியை வீட்டிலிருந்து கொண்டுவரலாமா? (கிள்ளான்)

பதில்: கிளினிக் அனுமதித்தால் கொண்டுவரலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். கெடாமல் இருக்கட்டும் என்று ஒருவர் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பாவம், விந்தணுக்கள் பெரும்பாலும் அசைவற்றுக் கிடந்தன. டப்பாவைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். முதலில் வரும் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம். அது போயிருந்தால் எண்ணிக்கை தப்பாகத்தான் வரும்.