இயேசுவை அறியாமல் இறந்த என் தாத்தா நரகத்தில்தான் இருப்பாரா? கிறிஸ்தவர்கள் நரகம் உண்மை என்றே நம்புகிறார்களா?

கோயில், விரதம், பூசை என்று வாழ்ந்து மறைந்தவர் உங்கள் தாத்தா. நீங்கள் அண்மையில்தான் சபைக்குப் போகத் தொடங்கியிருக்கிறீர்கள். நரகத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்ட நாளிலிருந்து தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மா இதே வேதனையைச் சுமந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வியின் பின்பாதிக்கு முதலில் பதில்: ஆம், நம்புகிறார்கள். கத்தோலிக்கம், ஆர்த்தடாக்ஸ், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எந்தப் பெரிய சபையை எடுத்தாலும் அதன் போதனையில் நியாயத்தீர்ப்பும் நரகமும் உண்டு. புதிய ஏற்பாட்டில் இதைப் பற்றி அதிகம் பேசியவரே இயேசுதான். 'புழு சாவாமலும் அக்கினி அவியாமலும்' என்பதும் அவர் வாக்கு, 'நித்திய ஆக்கினை' என்பதும் அவர் வாக்கு. நானும் நம்புகிறேன். கடவுளை வேண்டவே வேண்டாம் என்று கடைசிவரை தள்ளிவிட மனிதனால் முடியும், அந்த முடிவை அவர் கட்டாயப்படுத்தி மாற்றுவதில்லை என்பது எனக்கு நடுக்கம் தரும் விஷயம். ஆனாலும் அதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

நரகம் எப்படிப்பட்டது என்பதில்தான் ஒத்த கருத்து இல்லை. முடிவே இல்லாத வேதனை என்று 5-ஆம் நூற்றாண்டில் ஆயர் அகஸ்டின் வாதிட்டார். மேற்கத்திய சபைகளில் பெரும்பாலானவை அவர் வழியில் நிற்கின்றன. துன்மார்க்கர் முடிவில் இல்லாமலே அழிந்துபோவார்கள் என்பது ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளின் நம்பிக்கை. இங்கிலாந்தின் ஜான் ஸ்டாட், சுவிசேஷச் சபைகள் (பைபிளையும் தனிமனித மனமாற்றத்தையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டன்ட் சபைகள்) தலைமேல் வைத்துக் கொண்டாடிய போதகர், தாமும் தயக்கத்தோடு இந்தப் பக்கமே சாய்வதாக 1988-இல் எழுதியபோது பெரிய சலசலப்பு எழுந்தது. கடவுளின் நெருப்பு கடைசியில் எல்லோரையும் சுத்திகரித்து மீட்டுவிடும் என்று நம்பிய 4-ஆம் நூற்றாண்டு ஆயர், நிசா நகரத்து கிரகோரியைத் திருச்சபை இன்றும் புனிதராகவே வைத்திருக்கிறது. நரகத்தின் முதன்மையான தண்டனை கடவுளைவிட்டு என்றென்றைக்கும் பிரிந்திருப்பதே என்கிறது 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல்.

இனி உங்கள் தாத்தா.

உங்கள் கேள்வியைக் கேட்டு அழுதவர்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்து பரதவர்களிடையே ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார், 1549-இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களை மிகவும் வாட்டியது எது என்று 1552 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். செத்துப்போன அப்பா, அம்மா, பிள்ளைகளை நினைத்து அவர்கள் அழுதார்கள். ஜெபத்தாலோ தர்மத்தாலோ அவர்களை நரகத்திலிருந்து மீட்க முடியாதா, கடவுளால்கூடவா முடியாது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வழியே இல்லை என்று சவேரியார் பதில் சொன்னார். சொல்லிவிட்டு, தமக்குப் பிரியமான இவர்கள் இப்படித் துக்கப்படுவதைப் பார்த்துத் தம் கண்ணீரையும் அடக்க முடியவில்லை என்று எழுதுகிறார்.

அவரைக் கல்நெஞ்சர் என்று நினைக்காதீர்கள். திருச்சபைக்கு வெளியே இருப்பவர்கள், யூதரானாலும் புறமதத்தவரானாலும், நித்திய நெருப்புக்கே போவார்கள் என்று 1442-இல் ஃப்ளாரன்ஸ் சங்கம் (திருச்சபை ஆயர்களின் பொதுக்கூட்டம்) அறிவித்திருந்தது. அவர் படித்து வந்த பாடம் அது. ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு இடமும் இருக்கிறது. இவ்வளவு காலம் எங்களுக்குத் தம்மை அறிவிக்காத கடவுள் எப்படி நல்லவராக இருக்க முடியும் என்று ஜப்பானியர் மடக்குகிறார்கள். கொலை தவறு, களவு தவறு என்று யாரும் சொல்லித்தராமலே உங்களுக்குத் தெரிந்திருந்ததே, அதை உங்கள் உள்ளத்தில் எழுதிவைத்தவர் அவர்தான் என்கிறார் சவேரியார். ரோமர் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதும் இதையே. இந்தப் பதிலைச் சொல்ல முடிந்தவரால், அதை அந்த இறந்துபோன பெற்றோர் வரைக்கும் நீட்ட முடியாமல் போனதே என்று படிக்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும்.

அதை நீட்டியது, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம். தம் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதவர்கள், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனசாட்சியின் குரல்படி நடந்தால் அவர்களும் மீட்படைய முடியும் என்று 1964-இல் எழுத்திலேயே வைத்தது. சுவிசேஷச் சபைகளில் இவ்வளவு தூரம் வராதவர்கள் நிறையப் பேர். அவர்களிலும் பக்குவப்பட்ட போதகர்கள், ஆதியாகமத்தில் ஆபிரகாம் கேட்ட 'சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ' என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கானோரைப் பரலோகத்தில் இருப்பதாகப் பெயர் சொல்லிப் புனிதராக அறிவித்த கத்தோலிக்கத் திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒரே ஒருவரைக்கூட இதுவரை அறிவித்ததில்லை. யூதாஸ் உட்பட.

அப்படியிருக்க, பிரசங்க மேடையிலிருந்து ஒருவர் உங்கள் தாத்தாவுக்கு எப்படித் தீர்ப்பு எழுதுகிறார்? என் ஆச்சி இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்த ஒரு ஊழியர், "அவங்க இரட்சிக்கப்படாமலே போயிட்டாங்களே, இனி என்ன செய்ய முடியும்" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். ஆச்சி ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் வெயிலில் வரும் பால்காரரையும் பழைய பேப்பர் எடுப்பவரையும் திண்ணையில் உட்காரவைத்து, பெரிய பித்தளைச் செம்பில் மோர் கொடுத்துத்தான் அனுப்புவாள். மோருக்கு மோட்சம் என்று நான் கணக்குப் போடவில்லை. மீட்பு கிருபையால் வருவது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் மத்தேயு 25-இல் ராஜா 'தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள்' என்கிறபோது, உமக்கு எப்போது செய்தோம் என்று திகைத்து நிற்பவர்கள் நீதிமான்கள். யாருக்குச் செய்கிறோம் என்று அறியாமலே செய்தவர்கள். இந்த வசனத்தை அந்த ஊழியரும் பலமுறை வாசித்திருப்பார்.

லூக்கா 13-ஐ இன்று நிதானமாக வாசித்துப் பாருங்கள். இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானா என்று ஒருவன் இயேசுவிடம் கேட்கிறான். அவர் எண்ணிக்கையும் சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை. 'இடுக்கமான வாசல்வழியாய் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள்' என்று கேட்டவர்கள் பக்கமே திருப்பிவிடுகிறார். நரகத்தைப் பற்றிய அவருடைய எச்சரிக்கைகள் பெரும்பாலும் எதிரில் உயிரோடு நின்றவர்களுக்குச் சொன்னவை. அதிலும் பக்திமான்கள் என்று தங்களை நினைத்துக்கொண்டவர்களுக்கு. ஐசுவரியவான், லாசரு உவமையிலும் செத்தபின் வேதனைக்குப் போன ஐசுவரியவான் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டான் என்ற பேச்சே வரவில்லை. வாசலில் கிடந்த ஏழை லாசருவை அவன் கவனிக்கவில்லை.

நீங்கள் போவது கத்தோலிக்கக் கோவிலாக இருந்தால், தாத்தா பெயரைச் சொல்லித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்கலாம், அதாவது அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்படி குருவிடம் கேட்கலாம். உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. வேறு சபை என்றால் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் பெரும்பாலும் இருக்காது. அங்கே, உங்களைத் தூக்கி வளர்த்த அந்த மனிதருக்காக நன்றி சொல்லி ஜெபிப்பதை யாரும் தடுக்க முடியாது. பிரசங்கம் செய்தவரைத் தனியாகச் சந்தித்து, இந்தக் கேள்வியை அவரிடமும் நேராகக் கேளுங்கள்.