ஊசி போட்ட கோழியோடு புதுக் குஞ்சுகளை விடலாமா?

கேள்வி: மானூர் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பிப்ரவரி முகாமில் எல்லாவற்றுக்கும் வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டாச்சு. போன மாதம் தெருவில் சீக்கு விழுந்தது. பக்கத்து வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. என் கோழிகளில் சிலது தூங்கி விழுந்து தெளிந்தன, முட்டை குறைந்தது, சாவு இல்லை. ஊசி போட்டும் சீக்கு வந்தது ஏன்? மேலப்பாளையம் சந்தையில் குஞ்சு வாங்கி இவற்றோடு விடலாமா?

பதில்: அம்மா, சாவு இல்லாததே ஊசி பிடித்ததற்கு அடையாளம். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒரே ஊசி மூன்று வருடம் தாங்கும், கிருமியையும் ஆட்டுக்குள் அண்டவிடாது. கழிச்சல் ஊசி அந்த அளவுக்குக் கிடையாது. நரம்பும் குடலும் கெட்டுக் கோழி சாவதைத் தடுக்கும். ஆனால் தொண்டையிலும் குடலிலும் கிருமி கொஞ்சம் பெருகத்தான் செய்யும். சளியிலும் எச்சத்திலும் சில நாள் வெளியேறும். கோழியோ நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் உடனே குஞ்சு விடவேண்டாம் என்கிறேன். தெளிந்த கோழிக்கு ஒன்றும் ஆகாது, ஊசி போடாத குஞ்சு தாங்காது. கடைசிக் கோழி தெளிந்து ஒரு மாதமாவது போகட்டும். கூட்டில் பழைய எச்சத்தைச் சுரண்டிப் புதைத்து, சுண்ணாம்பு அடித்து, நல்ல வெயில் படவிடுங்கள். நிழலில் கிடக்கும் ஈர எச்சத்தில் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

சந்தைக் குஞ்சு வந்தாலும் தனிக்கூடு, தனித் தண்ணீர்ச்சட்டி. தீனி வைக்கும்போது முதலில் குஞ்சுகளிடம் போங்கள், அப்புறம் பெரிய கோழிகளிடம். ஏழாம் நாள் வாக்கில் கண்ணில் ஒரு சொட்டு கழிச்சல் தடுப்பு மருந்து: குஞ்சைச் சாய்த்துப் பிடித்து விட்டு, அது கண்ணை மூடித் திறக்கும்வரை கையிலேயே வைத்திருங்கள். சொட்டு வழிந்தால் இன்னொன்று விடவேண்டும். நான்காம் வாரத்தில் குடிக்கும் தண்ணீரில் லசோட்டா என்ற கழிச்சல் தடுப்பு மருந்து. தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு ஐந்து கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் போட்டுக் கலக்குங்கள். எட்டாம் வாரம் தோலுக்கடியில் ஊசி, ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து. ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துப் பெரிய கோழிகளோடு விடலாம்.

நம் ஊர் வெயிலில் மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும், கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நிறைய ஊசிகள் வீணாவது இந்த இடத்தில்தான்.

பக்கத்து வீட்டில் மறுபடி கோழி வளர்த்தால் அவர்களையும் ஊசி போடச் சொல்லுங்கள், உங்கள் கோழியின் எச்சம் அவர்கள் முற்றத்திலும் விழும். இனி ஏதாவது செத்தால் புதைக்கும் முன் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அறுத்துப் பார்த்துவிடுங்கள்.