வாசகர் கேள்வி – பதில்: சாலைப் பலகைகள் என்ன சொல்கின்றன?

சாலைப் பலகைகள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். 1968-ல் வியன்னாவில் கையெழுத்தான சாலைக் குறியீட்டு உடன்படிக்கைதான் பதில்களுக்கு அடிப்படை. அதிலிருந்து சில நாடுகள் விலகும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். நூற்றுக்கும் மேல் படங்கள். இன்று மனப்பாடம் செய்தால் நாளை மறந்துபோகிறது. சுலபமான வழி உண்டா?

பதில்: படத்திலிருந்து தொடங்குவதால்தான் மறக்கிறது. முதலில் பலகையின் வடிவம், அடுத்து நிறம், கடைசியாகத்தான் படம். சைக்கிள் படம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு விளிம்புள்ள முக்கோணத்துக்குள் சைக்கிள் இருந்தால், 'முன்னால் சைக்கிள்கள் வரும், கவனம்' என்று பொருள். சிவப்பு வளையத்துக்குள் இருந்தால் 'சைக்கிளுக்கு அனுமதி இல்லை'. நீல வட்டத்தில் வெள்ளை சைக்கிள் என்றால் 'இது சைக்கிளுக்கான பாதை, சைக்கிள்காரர் இதில்தான் போக வேண்டும், மற்றவர் வரக்கூடாது'. படம் ஒன்று, பொருள் மூன்று!

ஆக, முக்கோணம் எச்சரிக்கும். சிவப்பு வளையம் தடுக்கும். நீல வட்டம் கட்டளையிடும். செவ்வகமும் சதுரமும் பெரும்பாலும் தகவல் தரும். படங்களை அட்டைகளில் ஒட்டி, முதல் சுற்றில் உள்ளே இருக்கும் படத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு, எந்த வகை என்று மட்டும் பிரித்துப் பழகுங்கள். வகை தவறாமல் வர ஆரம்பித்த பிறகு படத்தைத் திறந்தால் போதும். பாதிப் படங்களுக்குப் பொருள் தானாகவே வந்துவிடும்.

கேள்வி: சிவப்பு வளையத்துக்குள் சைக்கிள் படம், ஆனால் குறுக்குக் கோடு இல்லை. கோடு இல்லையென்றால் அனுமதி உண்டு என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. தேர்விலும் சாலையிலும் அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. தடை என்று சொல்வது சிவப்பு வளையம்தான், கோடு அல்ல. பல நாடுகளில் 'இன்ன வாகனம் வரக்கூடாது' என்ற பலகைகளில் கோடே போடுவதில்லை. வலப்பக்கம் திரும்பாதே, யூ டர்ன் எடுக்காதே போன்ற பலகைகளில் கோடு இருக்கும், ஏனென்றால் கோடில்லாத அம்புக்குறி 'இந்தப் பக்கம் போ' என்று படித்துவிடப்படும். வளையமே சிவப்பாக இல்லாமல், வெள்ளைப் பலகையில் கறுப்புக் கோடு சாய்வாக ஓடினால் அது வேறு சங்கதி: முன்பு போட்ட தடை இங்கே முடிகிறது.

கேள்வி: ஸ்டாப் பலகைக்கு மட்டும் ஏன் எண்கோணம்? வழிவிடச் சொல்லும் பலகை மட்டும் ஏன் தலைகீழ் முக்கோணம்?

பதில்: பின்னாலிருந்து பார்த்தாலும், பனியோ சேறோ மூடியிருந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக. குறுக்குச் சாலையிலிருந்து வருபவருக்கும் இதனால் லாபம் உண்டு. எதிர்ச் சாலைப் பலகையின் முதுகு எண்கோணமாக இருந்தால், அங்கே வரும் வண்டி நிற்கக் கடமைப்பட்டது என்று தெரிந்துவிடும். நின்றதா என்று பார்த்துக்கொள்வது நம் பாடு.

எண்கோணத்தின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1915-ல் டெட்ராய்ட்டில் வைத்த முதல் ஸ்டாப் பலகை வெள்ளையில் கறுப்பு எழுத்து. 1923-ல் மிசிசிப்பி பள்ளத்தாக்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைத் துறைகள் கூடி ஒரு கணக்கு வைத்தன: பக்கங்கள் கூடக்கூட ஆபத்தும் கூடும். முடிவில்லாத பக்கங்கள் கொண்டதாகக் கருதிய வட்டம் ரயில்வே கிராசிங்குக்கு, எண்கோணம் நிற்க, சாய்சதுரம் எச்சரிக்க. அங்கே ரயில்வே கிராசிங் முன்னறிவிப்புப் பலகை இன்றும் மஞ்சள் வட்டம்தான். ஸ்டாப் பலகை நெடுங்காலம் மஞ்சளாகவே இருந்தது, வெயிலில் வெளுக்காத சிவப்பு அப்போது கிடைக்கவில்லை. 1954-ல்தான் சிவப்பானது.

எழுத்து நாட்டுக்கு நாடு மாறும். மெக்சிகோவில் 'ஆல்தோ', தென் அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'பாரே', கியூபெக்கில் 'அர்ரே'. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சு பேசும் பிரான்சிலேயே 'ஸ்டாப்' என்றுதான் எழுதியிருக்கும். பெரிய விதிவிலக்கு ஜப்பான். அங்கே ஸ்டாப் பலகையே சிவப்புத் தலைகீழ் முக்கோணம். வழிவிடும் பலகை என்று நினைத்து உருட்டிக்கொண்டு போனால் வம்பு.

கேள்வி: ஸ்டாப், வழிவிடு இரண்டுக்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்? யாரும் வராவிட்டால் இரண்டிலும் போய்விடலாம்தானே?

பதில்: வழிவிடு பலகையில் போகலாம். வேகம் குறைத்து, இரு பக்கமும் பார்த்து, சாலை காலியாக இருந்தால் நிற்காமலே நுழையலாம். ஸ்டாப் பலகையில் முடியாது. கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இல்லையென்றாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். பார்வை மறையும் முனைகளில்தான் பெரும்பாலும் ஸ்டாப் வைப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. ஊர்ந்துகொண்டே எட்டிப் பார்ப்பது நின்றதாகாது. முன்னால் நின்ற காரின் பின்னால் நீங்களும் நின்றீர்கள், அவர் கிளம்பினார், நீங்களும் கூடவே கிளம்பினீர்கள் என்றால் நீங்கள் கோட்டில் நிற்கவே இல்லை. ஒவ்வொரு வண்டியும் கோட்டருகே தனியாக நிற்க வேண்டும். மூன்றாவது, கோட்டில் நின்றாலும் மரமோ சுவரோ மறைத்தால், மெல்ல முன்னே நகர்ந்து, பார்வை கிடைக்கும் இடத்தில் மறுபடி பார்க்காமல் சட்டென்று நுழைவது. விபத்து பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் காத்திருக்கிறது.

கேள்வி: ஐரோப்பாவில் வாடகைக் கார் ஓட்டப் போகிறேன். மஞ்சள் சாய்சதுரப் பலகை என்றால் எச்சரிக்கைதானே?

பதில்: அங்கே அல்ல. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, ஜப்பான் போன்ற நாடுகளில் எச்சரிக்கைப் பலகைகள் மஞ்சள் சாய்சதுரம். உள்ளே கறுப்புப் படம் இருக்கும். ஐரோப்பியக் கண்டத்தில் வெள்ளை விளிம்புடன், உள்ளே படமே இல்லாத மஞ்சள் சாய்சதுரம் வந்தால், 'நீங்கள் முன்னுரிமைச் சாலையில் போகிறீர்கள்' என்று பொருள். அதன்மேல் சாய்வாகக் கறுப்புக் கோடு விழுந்தால் முன்னுரிமை முடிந்தது. அதற்குப் பிறகு பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிடுவதுதான் அங்குள்ள பொது விதி. சின்னச் சந்திலிருந்து வரும் கார் நிற்காமல் உங்கள் முன்னால் நுழையும், தவறு உங்களுடையதாகிவிடும்.

அந்தச் சாய்சதுரத்துக்குக் கீழே சில இடங்களில் ஒரு சிறு வெள்ளைப் பலகை இருக்கும். அதில் ஒரு தடித்த கோடு வளைந்து போகும், மெல்லிய கோடுகள் அதில் வந்து சேரும். தடித்த கோடுதான் முன்னுரிமைச் சாலை. அது இடப்பக்கம் வளைந்து, நீங்கள் நேரே போக நினைத்தால், முன்னுரிமைச் சாலையை விட்டு வெளியேறுகிறீர்கள்.

இன்னொன்று: நெடுஞ்சாலை வழிகாட்டிப் பலகையின் நிறத்தை நம்பாதீர்கள். ஜெர்மனி, பிரான்சில் மோட்டார்வே நீலம். இத்தாலி, சுவிட்சர்லாந்தில் பச்சை.

கேள்வி: வேக வரம்புப் பலகை எதுவரை செல்லும்? '50' பார்த்துவிட்டுப் போகிறேன், அடுத்த பலகை வருவதே இல்லை.

பதில்: உடன்படிக்கையின்படி, தடைப் பலகை வைத்த இடத்திலிருந்து அதை ரத்து செய்யும் பலகை வரை செல்லும்; அப்படி எதுவும் இல்லையென்றால் அடுத்த சந்திப்பு வரை. எல்லா நாடும் இந்த இரண்டாம் பகுதியைப் பின்பற்றுவதில்லை. ஜெர்மனியில் சந்திப்பு வந்தால் மட்டும் வரம்பு தானாக முடிந்துவிடாது. புது நாட்டில் ஓட்டுமுன் இந்த ஒரு விதியையாவது கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அளவையும் பாருங்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எண் மைல் கணக்கில். அங்கே 50 என்றால் மணிக்கு 80 கி.மீ. சிவப்பு வளையத்தில் உள்ள எண் உச்ச வரம்பு. நீல வட்டத்தில் வெள்ளை எண் வந்தால் அது குறைந்தபட்ச வேகம். இதை மாற்றிப் படித்தவர் தன் பின்னால் பெரிய வரிசையே சேர்த்துவிடுவார்.

கேள்வி: பலகைக்குக் கீழே வெறும் '200 மீ.' என்று இருக்கிறது. சில இடங்களில் அதே எண்ணின் இருபுறமும் அம்புக்குறி. ஒன்றுதானா?

பதில்: வேறு வேறு. வெறும் எண், ஆபத்து இன்னும் 200 மீட்டரில் தொடங்கும் என்கிறது. அம்புகளோடு வந்தால், அந்த நிலை 200 மீட்டர் நீளத்துக்குத் தொடரும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறீர்கள். ஆகவே முதலாவது உங்களுக்கு 9 விநாடி அவகாசம் தருகிறது. ஒரே கம்பத்தில் பல பலகைகள் இருந்தால், துணைப்பலகை தனக்கு நேர் மேலே உள்ள பலகைக்குத்தான் பொருந்தும்.

கேள்வி: மலைச் சாலையில் '10%' என்று இருந்தது. பத்து டிகிரி சரிவா?

பதில்: கிடைமட்டமாக 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரம் மாறும் என்று பொருள். கோணமாகச் சொன்னால் ஆறு டிகிரிக்கும் குறைவு. 100% என்பதே 45 டிகிரிதான், செங்குத்து அல்ல. படத்தை இடமிருந்து வலமாகப் படியுங்கள்: வலப்பக்கம் தாழ்ந்தால் இறக்கம்.

ஆறு டிகிரிதானே என்று அலட்சியம் வேண்டாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் லைனிங் சூடேறி, பிடிமானம் குறைந்துகொண்டே வரும். அடியில்தான் அது தெரியவரும். பலகையைப் பார்த்ததுமே, இறக்கம் தொடங்குமுன் கியரைக் குறையுங்கள். பாரம் ஏற்றிய லாரிக்கு இது ஆலோசனை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

கேள்வி: எனக்குச் சிவப்பு, பச்சை நிறக்குறைபாடு உண்டு. பலகைகளை எப்படி நம்புவது?

பதில்: பலகைகளில் நிறம் மட்டுமே பொருளைச் சுமக்கும் இடங்கள் மிகக் குறைவு. தடுமாற வாய்ப்புள்ளவை இரண்டு. குறுகிய பாலத்துக்கு முன்னால் வரும் பலகையில் இரண்டு அம்புகள், ஒன்று சிவப்பு. சிவப்பு அம்பின் பக்கம் இருப்பவர்தான் காத்திருக்க வேண்டும். நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும்: பலகை வட்டமென்றால் நீங்கள் நில்லுங்கள், நீலச் செவ்வகமென்றால் உங்களுக்கு முன்னுரிமை.

இரண்டாவது, ஓவர்டேக் தடை. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கம், ஒன்று சிவப்பு. முந்தும் பக்கத்தில் இருப்பதுதான் சிவப்பு. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் அது வலது கார். முந்தும் பக்கத்தில் காருக்குப் பதில் லாரி இருந்தால் தடை லாரிகளுக்கு மட்டும்.

கேள்வி: நீல வட்டம், சிவப்பு விளிம்பு. ஒரு கோடா, இரண்டு கோடா என்பதில் குழப்பம்.

பதில்: ஒரு கோடு: பார்க்கிங் கூடாது, ஆள் இறக்கி ஏற்றலாம். பெருக்கல் குறி: நிற்கவே கூடாது. கோட்டுக்குப் பதில் செங்குத்தாக ஒற்றைக் கோடு நின்றால் ஒற்றைப்படைத் தேதிகளில் தடை, இரட்டைக் கோடு நின்றால் இரட்டைப்படைத் தேதிகளில்.

கேள்வி: பாலத்துக்கு முன் '5 டன்' பலகை. என் லாரி காலியாகத்தான் போகிறது. போகலாமா?

பதில்: வெறும் எண் மட்டும் இருந்தால் பொதுவாக வண்டியின் அப்போதைய மொத்த எடைதான் கணக்கு: வண்டி, சரக்கு, எரிபொருள், ஆட்கள் எல்லாம் சேர்த்து. காலி லாரி 5 டன்னுக்குள் இருந்தால் போகலாம். லாரி படத்தின் மேலேயே எண் எழுதியிருந்தால், பதிவுப் புத்தகத்தில் உள்ள அனுமதிக்கப்பட்ட உச்ச எடையைப் பார்க்கிறார்கள். காலியாக இருந்தும் பயனில்லை. எண்ணின் கீழே அச்சும் சக்கரமும் வரைந்திருந்தால், அது ஒரு அச்சின் சுமை. மேலும் கீழும் முக்கோண முனைகள் இருந்தால் உயரம், இருபுறமும் இருந்தால் அகலம். உயரத்தை அளக்கும்போது கூரையை மட்டும் அளக்காமல் ஏற்றிய சரக்கையும் சேர்த்து அளக்க வேண்டும்.

கேள்வி: சில பலகைகள் இரவில் பளிச்சென்று தெரிகின்றன, சில கறுப்பாகவே இருக்கின்றன. ஏன்?

பதில்: பலகையின் மேல்தாளில் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ இருக்கும். ஹெட்லைட் வெளிச்சத்தை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். தூசி படிந்தாலும், தாள் பழையதானாலும், விடியற்காலைப் பனித்துளி படர்ந்தாலும் அந்த ஒளி சிதறிப்போய்ப் பலகை இருண்டுவிடும். லாரி ஓட்டுபவரின் கண், ஹெட்லைட்டிலிருந்து வெகு உயரத்தில் இருப்பதால் அவருக்கு அதே பலகை காரில் இருப்பவரைவிட மங்கலாகத் தெரியும்.

கேள்வி: ரயில்வே கிராசிங்குக்கு முன் மூன்று, இரண்டு, ஒன்று என்று சிவப்புக் கோடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. எதற்கு?

பதில்: தூரக் கணக்கு. எச்சரிக்கைப் பலகைக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள தூரத்தை மூன்றாகப் பிரித்து வைப்பார்கள்; ஜெர்மனியில் 240, 160, 80 மீட்டர். முக்கோணத்தில் வேலிப்படம் இருந்தால் கேட் உண்டு. ரயில் எஞ்சின் படம் இருந்தால் கேட் இல்லை. தண்டவாளத்தருகே பெருக்கல் குறி வடிவப் பலகை நிற்கும். அதன் அடியில் இன்னொரு பாதிக் குறியும் சேர்ந்திருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட தண்டவாளங்கள் உள்ளன. ஒரு ரயில் போனதும் வண்டியை எடுக்காதீர்கள், அதன் மறைவில் எதிர்த்திசையிலிருந்து இன்னொன்று வந்துகொண்டிருக்கலாம்.