தாப்பா ஏற்றத்தில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் சிவிடி ஏன் கத்துது?

தம்பி, தாப்பாவிலிருந்து கேமரன் மலை ரோட்டுல ரிங்லெட் ஏறும்போது 'எஞ்சின் கத்துது, வண்டி இழுக்க மாட்டேங்குது'ன்னு கேட்டிருந்தீங்க. உங்க 1.6 எஞ்சினுக்கு 160 நியூட்டன் மீட்டர் இழுவை 4,400 ஆர்பிஎம்லதான் (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்துற சுத்து) முழுசா கிடைக்கும். சிவிடின்னா புல்லியும் பெல்ட்டும் வச்சு ஓடுற ஆட்டோ கியர். டி-யில, அதாவது சாதாரண ஆட்டோ மோடுல, வளைவுக்குள்ள காலை எடுத்ததும் அது ஆர்பிஎம்மை இறக்கிடும். மறுபடி மிதிச்சா புல்லி விகிதம் மாறுற வரைக்கும் வெறும் சத்தம்தான். முழுசா மிதிக்கிறது வீண்.

மேனுவல் மோடுக்குப் போங்க. வளைவுக்கு முன்னாடியே, பிரேக் பிடிக்கும்போதே ஸ்டீயரிங் பின்னாடி இருக்கிற இடது பேடிலைத் தட்டி கியரைக் குறைச்சு, ஆர்பிஎம்மை 4,000-க்கு மேல வச்சுக்கிட்டு, அரை மிதியில வெளியே வாங்க. இறங்கும்போதும் அதே சின்ன கியர்தான், இல்லேன்னா பிரேக் தீஞ்ச வாடை வரும்.

ஆர்பிஎம் முள் எகிறியும் வேகம் ஏறாம வண்டி உதறினா மட்டும் சிவிடி எண்ணெயைப் பாருங்க. சாதாரண ஏடிஎஃப் (மத்த ஆட்டோ கியருக்கு ஊத்துற எண்ணெய்) ஊத்திடாதீங்க, பெல்ட் வழுக்கிடும்!