கூடாரத்தில் கேட்கக் கூசும் கேள்விகள்

கேள்வி: 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் வீட்டுச் சுவர் பிளந்ததிலிருந்து கோயில் வளாகத்தில் தார்ப்பாய்க்கடியில் இருக்கிறோம். மருமகளுக்கு எட்டாம் மாதம். மகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியின் தவணை தவறிப் பன்னிரண்டு நாளாகிறது. அரிசியும் தண்ணீரும் தருகிறவர்களிடம் மாதவிலக்குத் துணியையும் ஊசியையும் பற்றிக் கேட்கலாமா? - வாசகி, மாண்டலே, மியான்மர்.

பதில்: அன்புள்ள அம்மா, தயங்காமல் கேளுங்கள். பேரிடர் நேர்ந்தால், முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள்ளேயே பிரசவ உதவி, கருத்தடை, பாலியல் வன்முறைக்கு உள்ளானோருக்கான சிகிச்சை ஆகியவை தொடங்கிவிட வேண்டும் என்பது உலகெங்கும் நிவாரணப் பணியாளர்கள் ஏற்றுக்கொண்ட நெறி. நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

மகளின் ஊசி மூன்று மாத ஊசி என்பதால், தவணை தாண்டி நான்கு வாரம் வரை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளலாம். அதையும் கடந்துவிட்டால், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பின் போட்டு, அடுத்த ஏழு நாட்களுக்கு ஆணுறையும் பயன்படுத்த வேண்டும்.

மருமகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடாஸின் மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்பதால், எந்த மருத்துவமனையில் இப்போது ஜெனரேட்டர் ஓடுகிறது, இரவில் அங்கே போக எந்த வண்டி கிடைக்கும் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். இரத்தம் படுதல், பனிக்குடம் உடைதல், விடாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வழியிலேயே வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சுவீர்கள். அதற்காகச் சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, புது பிளேடு, தொப்புள்கொடி கட்டச் சுத்தமான நூல், கையுறை, குழந்தையைத் துடைத்துப் போர்த்தத் துணி ஆகியவற்றை ஒரு பையில் கட்டி வையுங்கள். தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ வைக்க வேண்டாம்.

துணி விஷயத்தை நான் மறக்கவே முடியாது. 2008 மே மாதம் நர்கிஸ் புயலுக்குப் பிறகு ஐராவதிக் கழிமுகத்து முகாம் ஒன்றில், ஒரு பெண் தன் துணியைத் துவைத்து, பிறர் பார்க்காதபடி ஈர லுங்கிக்கு அடியில் மடித்துக் காயப்போட்டிருந்தாள். மழைக்காலத்தில் அது காயவில்லை, ஈரத்தோடே எடுத்துக் கட்டி இரண்டு தொடையும் புண்ணாகிவிட்டது. அன்று அவளுக்கு வேண்டியிருந்தவை சோப்பும் ஒரு கொடிக்கயிறும் வெயில் படும் மறைப்பும் மட்டுமே. இவற்றைக் கோயில் கமிட்டியிலுள்ள ஆண்களிடமும் நேராகவே சொல்லலாம். நான் சொன்னபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

கழிப்பிடத்துக்கு உள்தாழ்ப்பாளும் விளக்கும் கேளுங்கள். எவளுக்கேனும் பாலியல் கொடுமை நேர்ந்துவிட்டால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாட்களுக்குள் எடுக்க வேண்டும். இரண்டும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவளைக் குறை சொல்லாமல் கூட்டிச் செல்லும் ஒருவர் முகாமில் இருக்க வேண்டும். அந்த ஒருவராக நீங்களே இருக்கலாம் என்று, இந்தக் கடிதத்தை எழுதிய உங்கள் துணிவைப் பார்த்து, எனக்குத் தோன்றுகிறது.