செடி தேடி உலகம் சுற்றியவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன்?

என் ஓட்டு எர்னஸ்ட் வில்சனுக்கு.

1899-இல் லண்டன் செல்சியில் இருந்த வீச் நர்சரி அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. வயது 23. கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: டேவிடியா மரத்தின் விதை வேண்டும். கைக்குட்டை மரம் என்பார்களே, அதுதான். வெள்ளையாகத் தொங்குவது இதழ் இல்லை. நம் காகிதப்பூவில் இருப்பது போலப் பூவைச் சுற்றியுள்ள இலைகள்தான் நிறம் மாறியிருக்கும். சீனாவில் உருப்படியான செடியெல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டது, கண்ட இடத்தில் சுற்றிக் காசைக் கரைக்காதே என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினார்.

மரத்தை நேரில் பார்த்தவர் அகஸ்டின் ஹென்றி என்ற அயர்லாந்துக்காரர். சீனச் சுங்கத்துறையில் உத்தியோகம், மிச்ச நேரமெல்லாம் செடி சேகரிப்பு. தென்மேற்குச் சீனாவின் யுன்னான் வரை போய் அவரைப் பிடித்தார் வில்சன். ஹென்றி நோட்டில் அரைப் பக்கத்துக்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். அது காட்டிய பரப்பு சுமார் 50,000 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஒரு மரம்!

1900 ஏப்ரலில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மரம்தான் இல்லை. வெட்டி வீடு கட்டியிருந்தார்கள், அடிக்கட்டை மட்டும் மிச்சம். வேறு யாராவது என்றால் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இவர் தேடிக்கொண்டே போனார். அடுத்த மாதமே பூத்து நின்ற வேறொரு டேவிடியா கண்ணில் பட்டது. விதைகளும் லண்டன் போயின.

அப்புறம்தான் தெரிந்தது, பிரெஞ்சுக்காரர்கள் முந்திவிட்டார்கள் என்று. 1897-இல் ஒரு பாதிரியார் அனுப்பிய 37 விதைகளில் ஒன்று வில்மோரின் என்ற பிரெஞ்சுக்காரரின் தோட்டத்தில் முளைத்திருந்தது. அது 1906-இல் பூத்தது. வீச் நர்சரி மரம் பூக்க 1911 ஆனது.

என்னைக் கேட்டால், டேவிடியாவைவிட முதலாளி வேண்டாம் என்ற அந்தச் சுற்றலில் கிடைத்தவைதான் பெரிய வரவு. பட்டை சுருள் சுருளாக உரியும் மேப்பிள் மரம் அந்த முதல் பயணத்தில் வந்ததுதான். ரீகல் லில்லி பின்னால் வந்தது. 1910-இல் பாஸ்டனின் ஆர்னால்டு ஆர்போரேட்டம் என்ற மரத் தோட்டத்துக்காக மறுபடி சீனா போனபோது, மின் என்ற நதியின் பள்ளத்தாக்கில் பாறை சரிந்து அவர் கால் உடைந்தது. கேமரா முக்காலியை வைத்துக் காலைக் கட்டினார்கள். பாதையோ ஒற்றையடி; எதிரே வந்த கோவேறு கழுதைகள் படுத்திருந்தவரைத் தாண்டித்தான் போயின, ஒன்றுகூட மிதிக்கவில்லை. கடைசிவரை கொஞ்சம் நொண்டித்தான் நடந்தார். அங்கே சேகரித்த ரீகல் லில்லிக் கிழங்குகள் மட்டும் பத்திரமாக பாஸ்டன் போய்ச் சேர்ந்தன.