ஆடிப்பட்டம் எந்த நிலத்துக்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழிக்கு விளக்கம் எழுதிவரும்படி என் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் விருதுநகர்ப் பக்கம் கரிசல் காட்டில் என் தாத்தா புரட்டாசிக்கு முன்பு விதைத்ததே இல்லை. அப்படியானால் இப்பழமொழி எங்கே, எதற்காகப் பிறந்தது?

ம. செ.

அன்புள்ள ம. செ.,

பட்டம் என்பது விதைப்புக்குரிய பருவம். உங்கள் தாத்தா தம் மண்ணுக்குரிய பட்டத்தில்தான் விதைத்திருக்கிறார். இப்பழமொழியைத் தமிழகம் முழுமைக்குமான கட்டளையாக விளக்குவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

இது மழையை மட்டுமே நம்பிப் பயிரிடும் மானாவாரி உழவரின் சொல். ஜூலை நடுவில் பிறக்கும் ஆடியில் தென்மேற்குப் பருவமழை நடந்துகொண்டிருக்கும். சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் புன்செய்க்கு அந்த மழை விதைக்கப் போதுமான அளவு கிடைக்கிறது. உங்கள் கரிசலுக்கோ ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே ஆதாரம் என்பதால், அங்கே பருத்திக்கும் உளுந்துக்கும் புரட்டாசிப்பட்டம் அமைந்தது.

ஆடி விதைப்பின் அருமையைத் துவரையில் காணலாம். ஏறத்தாழ ஆறு மாதம் காட்டில் நிற்கும் நாட்டுத் துவரை, ஆடி ஈரத்தில் முளைத்து, ஆவணி, புரட்டாசி மழையில் கிளைத்து, அடைமழை ஓயும் மார்கழியை ஒட்டிப் பூத்துக் காய்த்து, தை, மாசியில் அறுவடைக்கு வருகிறது. பகல் குறுகும்போது பூக்கும் இயல்புடைய இப்பயிரைப் பிந்தி விதைத்தால், செடி கிளைத்துப் பெருகுவதற்குள் பூத்துவிடும், விளைச்சல் குறையும். இரண்டு பருவமழையையும் ஒரே பயிருக்குப் பயன்படுத்திக்கொண்ட அந்த அறிவு என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஆடி பிறந்தவுடன் யாரும் விதைப்பெட்டியை எடுத்துவிடவில்லை. உழவு மழை பெய்த பிறகு ஒரு சாண் ஆழம் கொத்தி, அடிமண்ணை அள்ளி உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பார்கள். பிடித்த மண் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். கையில் அப்பினால் ஈரம் மிகுதி, பிடிபடாமலே உதிர்ந்தால் ஈரம் போதாது.

ஆற்றுப்பாசனத்துக்குக் கணக்கு வேறு. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படும் ஆண்டுகளில் டெல்டாவில் குறுவை நெல் வேலைகள் ஆடிக்கு முன்பே தொடங்கிவிடும். மானாவாரியிலும், ஆடி மழை தவறி ஆவணிக் கடைசிக்குத் தள்ளிப்போனால், நீண்டகாலத் துவரையை விட்டுக் குறுகிய வயதுடைய பயறு வகைக்கு மாறிக்கொள்வதே பட்டம் அறிந்தவர் செய்வது.